கேட்டுத் தெளிவோம்

(ஹெப்பகோடியில் நடைபெற்ற நம் சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

 

ஆடலும் பாடலும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில், இடையே சிறிது நேரம் என்னையும் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் புலவன் அல்லேன், வழக்கறிஞனும் அல்லேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கி, இரயில்வேயில் எழுத்தராய்க் கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆயினும் நாட்டின் பெரிய வழக்குகளைப் பற்றிக் காதால் கேட்டறிவதில் எனக்குச் சில ஆண்டுகளாக ஈடுபாடு உண்டு. நாட்டு அரசியலைத் தொட்டு நடக்கும் பெரிய விசாரணைகளை 'பாட்காஸ்ட்' எனப்படும் வலையொலி வாயிலாகக் கேட்டு விளங்கிக்கொள்வது எவ்வாறு, அதனால் ஹெப்பகோடியில் வாழும் நமக்கு ஆகும் நன்மை யாது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழில் கேள்வி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காதால் கேட்டறிதலும் கேள்வி. ஐயம் எழுந்தபோது வினவுதலும் கேள்வி. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை 42-ஆம் அதிகாரமாக வைத்தார். அதன்பின் அறிவுடைமையை வைத்தார். கல்லூரிப் படியை மிதியாதவனும் அறிவுடைமைக்குச் சென்று சேர, நடுவே கேள்வி என்னும் பாலம் ஒன்று இருக்கிறது என்பதே அவ்வைப்பு முறையிலிருந்து நான் கொள்ளும் பொருள். ஆங்கிலேயரும் நீதிமன்ற விசாரணையை 'ஹியரிங்', அஃதாவது கேட்டல், என்றே வழங்குகின்றனர். நீதிபதி வழக்கைக் கேட்கிறார். அவர் கேட்பதை நாமும் கேட்கும் வாய்ப்புத்தான் நமக்கு நெடுங்காலம் இல்லாதிருந்தது.

செவிவழியே உலகை அறிவது நம் மண்ணுக்குப் புதிதன்று. மைசூரில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசாமி 1935-ஆம் ஆண்டில் தம் சொந்த முயற்சியால் ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு வைத்த 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னர் நாடு முழுமைக்கும் உரிய பெயராயிற்று. ஆனால் வானொலியில் நமக்குக் கிடைத்தது செய்தி, விசாரணை அன்று.

அமெரிக்க நாட்டில் 1973-ஆம் ஆண்டு மே 17 அன்று, வாட்டர்கேட் விவகாரத்தைப் பற்றிச் செனட் சபைக் குழுவின் விசாரணை தொடங்கியது. அதனை மக்கள் தம் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் கண்டனர், வானொலியில் கேட்டனர். 1974 ஆகஸ்ட் 9 அன்று குடியரசுத் தலைவர் நிக்ஸன் பதவி துறந்தார். இத்தனை ஆண்டு கழிந்து, 2017-இல் 'ஸ்லோ பர்ன்' என்னும் வலையொலித் தொடர் அவ்விவகாரத்தை மீண்டும் விரித்துரைத்தபோது, அன்று பிறந்திராத இளைஞரும் அதனை ஆர்வத்தோடு கேட்டனர். 2019-இல் டிரம்ப் மீது பதவி நீக்க விசாரணை நடந்த காலத்திலோ, அன்றன்று நடந்ததை அன்றன்றே விளக்கும் வலையொலிகள் பல எழுந்தன. மணிக்கணக்கில் நீளும் விசாரணையை முற்றும் பார்க்க இயலாத உழைப்பாளி, வேலைக்குப் போகும் வழியில் அரை மணி நேரத்தில் அதன் சாரத்தைக் கேட்டறிந்தான்.

நம் நாட்டிலும் கதவு திறந்தது. நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையாக ஒளிபரப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணை நேரலையாக வரத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2022 பிப்ரவரியில், ஹிஜாப் வழக்கின் விசாரணையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் நேரலையாக அளித்தது நினைவிருக்கலாம்.

நிற்க. கதவு திறந்துவிட்டது, உள்ளே நடப்பது நமக்கு விளங்கியதா? வாதம் ஆங்கிலத்தில் நடக்கிறது. சட்டப் பிரிவுகளின் எண்கள் மழைபோல் பொழிகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தீர்ப்புகளின் பெயர்கள் வந்து விழுகின்றன. அயலூர் நிலையத்தில் வேற்று மொழியில் செய்யும் அறிவிப்பைக் கேட்ட பயணியின் நிலையே நம் நிலை. ஒலி காதில் விழும், வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பது விளங்காது. இவ்விடத்தில்தான் நல்ல வலையொலி நமக்குத் துணை நிற்கிறது. அது செய்யும் பணிகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, வழக்கின் உள்ளே இருக்கும் வினா யாது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லுதல். இரண்டாவது, யார் யாருக்காக வாதாடுகிறார் என்று அறிவித்தல். மூன்றாவது, வாதம் எது, நீதிபதியின் வினா எது, தீர்ப்பு எது என்று பிரித்துக் காட்டுதல். நான்காவது, இனி நடக்க இருப்பது என்ன என்று உரைத்தல். இந்நான்கிலும் மூன்றாவதே தலையாயது.

இதனை ஓர் உண்மை வழக்கைக் கொண்டு விளக்குகிறேன். 2025 ஆகஸ்ட் 10 அன்று நம் ஊர் வழியாகப் பொம்மசந்திரா வரை செல்லும் மஞ்சள் தட மெட்ரோ திறக்கப்பட்டது. அதன்பின் ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 19 அன்று, டில்லியில் ஒரு பெரிய விசாரணை தொடங்கிற்று. புதிய வண்டியில் இயர்போனை மாட்டிக்கொண்டு நான் நாள்தோறும் அதன் விளக்கத்தைக் கேட்டேன். வழக்கின் தோற்றம் நம் தமிழ்நாட்டில். சட்டமன்றம் 2020 முதல் நிறைவேற்றிய மசோதாக்களில் பத்துக்கு ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. 2023 நவம்பர் 18 அன்று சட்டமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். மாநில அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகிய இருவர் அமர்வு, அப்பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றது. ஒப்புதல் பற்றி முடிவெடுக்க ஒரு மாதம், மூன்று மாதம் எனக் காலவரம்பும் வகுத்தது. அவ்வாறு காலவரம்பு விதிக்கலாமா என்பது உள்ளிட்ட 14 வினாக்களை, அரசியல் சாசனத்தின் 143-ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவர் மே 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு விடுத்தார். தலைமை நீதிபதி கவாய் தலைமையில் ஐவர் அமர்வு பத்து நாள் அதனைக் கேட்டது. தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்காளம் ஆகியவற்றோடு நாம் வாழும் கர்நாடகமும் மாநிலங்களின் பக்கம் நின்று வாதாடியது.

அந்தப் பத்து நாளில் நடந்தது என்ன? ஆளுநர் ஆண்டுக்கணக்கில் ஒரு மசோதாவைக் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் கைகட்டி நிற்க வேண்டுமா என்ற கருத்துப்பட நீதிபதிகள் மத்திய அரசின் தரப்பை வினவினர். அவ்வினாவை மட்டும் வெட்டி எடுத்த துணுக்கைக் கைப்பேசியில் கண்டோர், மாநிலங்கள் வென்றுவிட்டன என்று மகிழ்ந்தனர். எல்லா மசோதாக்களுக்கும் ஒரே காலவரம்பு பொருந்துமா என்ற கருத்துப்பட மாநிலங்களின் தரப்பையும் அதே நீதிபதிகள் வினவினர். அத்துணுக்கைக் கண்டோர், எல்லாம் போயிற்று என்று சோர்ந்தனர். 2025 நவம்பர் 20 அன்று வந்த கருத்துரையோ இரு துணுக்குகளிலும் அடங்குவதாக இல்லை. நீதிமன்றம் காலவரம்பு விதித்தல் ஆகாது. ஒப்புதல் தந்ததாகக் கொள்ளுதலும் ஆகாது. ஆயினும் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைத்தலும் ஆகாது. காரணமின்றி நெடுங்காலம் வாளாவிருப்பாராயின், முடிவெடுக்குமாறு நீதிமன்றம் பணிக்கலாம். ஐவரும் ஒருமித்து உரைத்தது இது. விளக்கத்தோடு கேட்டு வந்தவனுக்கு இது வியப்பாகப் படவில்லை. இரு பக்க வினாக்களையும் அவன் முன்பே கேட்டிருந்தான். கருத்துரையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. எதனை ஏற்கிறோம், எதனை மறுக்கிறோம் என்பதை அறிந்து செய்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

அலுவலகத்தில் பணி செய்வோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஒரு கோப்பில் எழுத்தர் எழுதுவது குறிப்பு. அதன் ஓரத்தில் அதிகாரி, "இதற்கு விதி எங்கே? முன்னுதாரணம் உண்டா?" என்று எழுதுவது வினா. இறுதியில் உரிய அதிகாரி கையொப்பமிட்டு எழுதுவது ஆணை. அதிகாரி வினவினார் என்பதனாலேயே விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று என்று ஓர் எழுத்தர் வெளியே போய்ச் சொன்னால், அந்த விண்ணப்பதாரர் வீட்டில் அன்று அடுப்பெரியுமா? நல்ல அதிகாரி, ஒப்ப நினைக்கும் கோப்பிலேதான் மிகுதியாக வினவுவார். ஓட்டை இல்லாமல் ஆணை எழுத வேண்டும் என்பது அவர் கவலை. நீதிபதியின் வினாவும் அத்தகையதே. கேள்வி வேறு, முடிவு வேறு.

இதனைத் தெரிந்துகொள்வதால் நமக்கு ஆவது என்ன என்று சிலர் நினைக்கலாம். 143-ஆவது பிரிவு என்று சற்று முன் சொன்னேன். பெங்களூர்த் தமிழர் வாழ்வில் அப்பிரிவு ஒருமுறை மிக நெருங்கி வந்ததுண்டு. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25 அன்று இடைக்கால ஆணை வழங்கியது. அதனை மறுத்துக் கர்நாடக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அச்சட்டம் செல்லுமா என்று இதே 143-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்துக் கேட்கப்பட்டது. செல்லாது என்று 1991 நவம்பர் 22 அன்று நீதிமன்றம் உரைத்தது. டிசம்பரில் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியாயிற்று. அதனை அடுத்துப் பெங்களூரில் மூண்ட கலகத்தை இங்குள்ள முதியோர் மறந்திரார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லை கடந்த குடும்பங்கள் பல. அன்று வழக்கின் உள்ளே நடந்தது யாது, ஆணையில் இருந்தது எவ்வளவு தண்ணீர், எத்தனை மாதத்திற்கு என்பவற்றை அடித்தவரும் அறியார், அடிபட்டவரும் அறியார்.

2016-ஆம் ஆண்டிலோ எல்லோர் கையிலும் கைப்பேசி இருந்தது. செப்டம்பர் 5 அன்று, பத்து நாளைக்கு நாளொன்றுக்கு 15,000 கன அடி வீதம் தண்ணீர் விடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. செப்டம்பர் 12 அன்று அதனை 12,000 கன அடியாகக் குறைத்து, காலத்தைச் செப்டம்பர் 20 வரை நீட்டியது. இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். 15,000 கன அடி என்பது ஒரு நொடிக்கு ஓடும் அளவு. ஒரு நாளைக்கு 86,400 நொடி. அவ்வீதத்தில் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ 1.3 டி.எம்.சி.; பத்து நாளைக்கு ஏறத்தாழ 13 டி.எம்.சி. புதிய ஆணையில் நாள் வீதம் குறைந்தது, நாட்கள் கூடின. ஆகவே, தண்ணீர் குறைந்தது என்று ஒருவரும், கூடியது என்று மற்றொருவரும் ஒரே ஆணையைக் காட்டிச் சொல்ல இடமிருந்தது. இக்கணக்கை அமைதியாக எடுத்துச் சொல்லும் குரல் அன்று நம் காதுகளை எட்டவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் நிகழ்ந்த அடிதடிகளின் காணொளித் துணுக்குகளே கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. அன்று மாலைக்குள் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளும் தனியார் பேருந்துகளும் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. நம் ஓசூர் சாலையில் பேருந்துகள் நின்றுபோக, அத்திப்பள்ளி எல்லையை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே கடந்தனர்.

விளக்கம் கேட்டிருந்தால் கலகமே நேர்ந்திராது என்று சொல்ல நான் துணியேன். தீ வைக்க முற்பட்டவன் விளக்கம் கேட்டு நிற்பவன் அல்லன். ஆனால் கலகக்காரர் சிலர். நடுவே அஞ்சி நிற்போர் பல்லாயிரவர். எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பமும் அஞ்சியது, நாமும் அஞ்சினோம். அந்தப் பல்லாயிரவர் கையில் உண்மை இருந்தால், வதந்தி ஒரு வாசற்படியிலாவது தடுக்கி விழும். "உங்கள் ஊருக்குத் தண்ணீர் போயிற்றாமே" என்று அண்டை வீட்டார் வினவும்போது, சினவாமலும் கூசாமலும் இரண்டு வாக்கியத்தில் விடை சொல்லத் தெரிந்திருப்பது, இரு மொழிகளுக்கு நடுவே வாழும் நமக்குப் பெரிய காவல்.

2018 பிப்ரவரி 16 அன்று வந்த இறுதித் தீர்ப்பையே பாருங்கள். தமிழ்நாட்டிற்குக் கர்நாடகம் விட வேண்டிய அளவு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆயிற்று. குறைந்தது 14.75. அதில் 10 டி.எம்.சி., தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கிட்டுக் குறைத்தது, 4.75 டி.எம்.சி., பெங்களூர் மக்களின் குடிநீருக்காகக் குறைத்தது. பெங்களூரில் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகையில் அடங்கும் என்று நடுவர் மன்றம் கொண்ட கணக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் குடிநீரைப் பருகும் பெங்களூர் மக்களில் தமிழர் எத்துணைப் பேர்! தஞ்சையில் அண்ணன் வயலுக்குத் தண்ணீர் வேண்டும். இங்கே தம்பி வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் வேண்டும். இவ்வழக்கில் இரு கரையிலும் உறவு உடையவர்கள் நாம். ஆதலால் நம்மைக் காட்டிலும் பொறுமையாக இதனைக் கேட்க வேண்டியவர் வேறு யார்?

இனி, எல்லா வலையொலியும் நல்லனவா என்றால், இல்லை. கட்சிக்கு ஆள் சேர்க்கும் குரலும் அதில் உண்டு. அழகாய்ப் பேசி ஐயத்தை விதைக்கும் குரலும் உண்டு. நெல்லையும் பதரையும் பிரிக்க நான் கைக்கொள்ளும் சோதனைகள் சிலவற்றைச் சொல்கிறேன். எதிர்த்தரப்பின் வாதத்தை, அத்தரப்பாரே கேட்டால் "ஆம், இதுவே எங்கள் வாதம்" என்று ஒப்பும்படி எடுத்துரைக்கிறாரா? ஆணையின் நாளையும் பக்கத்தையும் சுட்டுகிறாரா? நாம் மூலத்தைப் பார்க்க வழி காட்டுகிறாரா? தீர்ப்பு வருமுன்னே தீர்ப்புச் சொல்லாதிருக்கிறாரா? முன்பு சொன்னது பிழையானால் மறுநாள் திருத்துகிறாரா? இவற்றில் தேறிய குரலைக் கேளுங்கள். அது நமக்குப் பிடித்த முடிவைச் சொல்லாவிடினும் கேளுங்கள். ஆங்கிலம் விளங்குவோர்க்கு 'தி இந்து' நாளிதழின் 'இன் ஃபோகஸ்', 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழின் '3 திங்ஸ்' போன்றவை இருக்கின்றன. உச்ச நீதிமன்ற விசாரணைகளை நாள்வாரியாகக் குறித்து வெளியிடும் 'சுப்ரீம் கோர்ட் அப்சர்வர்' என்னும் முயற்சி நம் பெங்களூரில் உள்ள ஆய்வு அமைப்பொன்றைச் சார்ந்தது. தமிழிலும் இத்தகைய பணி பெருக வேண்டும் என்பது என் அவா.

துணுக்குகள் எல்லாம் தீயன என்றும் நான் கூறவில்லை. 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்ற நேரலையிலிருந்து பரவிய துணுக்குகள், நீதிபதி ஒருவர் கூறிய தகாத சொற்களை நாட்டுக்குக் காட்டின. உச்ச நீதிமன்றம் தானாகவே அதனை விசாரித்தது. நீதிபதியும் வருத்தம் தெரிவித்தார். இதற்காக நேரலையை நிறுத்திவிடலாகாது, வெளிச்சத்திற்கு மருந்து மேலும் வெளிச்சமே என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் அப்போது வெளியிட்டது. ஆகவே கதவை மூடுவது வழியன்று. முழுமையும் கேட்கப் பழகுவதே வழி.

இறுதியாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் நாம் கூடுவோம். அரை மணி நேரம் ஒரு வலையொலியை ஒருங்கே கேட்போம். அரை மணி நேரம் வினவுவோம். ஆங்கிலமும் கன்னடமும் தேர்ந்த நம் கல்லூரி மாணவ மாணவியர், முதியோர்க்குத் தமிழில் எடுத்துரைக்கட்டும். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்தி வரைந்து, முதற் பத்தியில் வாதம், இரண்டாவதில் நீதிபதியின் வினா, மூன்றாவதில் ஆணை என்று எழுதி வருவோம். மூன்றாம் பத்தி வெற்றிடமாக இருக்கும்வரை, "தீர்ப்பு வந்துவிட்டது" என்னும் செய்தியை நம் காலனியில் ஒருவரும் மற்றவர்க்கு அனுப்புவதில்லை என்று உறுதி கொள்வோம். ஆலை வேலைக்குச் செல்லும் பெண்மணிகளும் இல்லத்தரசியரும் கட்டாயம் வருதல் வேண்டும். கலக நாளில் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு கதவடைத்து இருப்பவர் அவர்களே அன்றோ! அக்கூட்டத்திற்கு நம் கன்னட அன்பர்களையும் அழைப்போம். அவர்கள் தரப்பு வாதத்தை அவர்கள் வாயாலேயே கேட்போம். ஒரே வலையொலியைச் சேர்ந்து கேட்ட இரு வீட்டார், கலக நாளிலும் ஒருவருக்கொருவர் கதவைத் திறப்பர் என்று நான் நம்புகிறேன்.



வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழ்விக்கும் கன்னட நாடு! வணக்கம்.